அந்தப் பச்சை சரியில்லை, தம்பி

2016 ஆடி மாதம். அச்சகக்காரனுக்கு ஆடி என்றால் ஈ ஓட்டுகிற மாதம், கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட வராது, ஏதாவது நோட்டீஸ் வேலை வந்தால் உண்டு. அந்த நேரத்தில்தான், பிராணிக் ஹீலிங் என்று கையால் தொடாமலே வைத்தியம் பார்க்கிற டீச்சர் ஒருவர் பென் டிரைவோடு வந்து நின்றார். சம்மணம் போட்டு உட்கார்ந்த ஓர் உருவம், முதுகுத்தண்டு நெடுக ஏழு சக்கரம், அடியில் சிவப்பில் ஆரம்பித்து உச்சந்தலையில் ஊதா வரைக்கும் வானவில் வரிசை. 18க்கு 23, 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், மேட் லேமினேஷன், 300 காப்பி. ஆடியில் இப்படி ஓர் ஆர்டரை யார் விடுவார்கள்? ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார். ஓட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை படக் கட்டு முழுவதையும் அப்படியே ஆட்டோவில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"அந்தப் பச்சை சரியில்லை, தம்பி."

கஸ்டமர் இப்படிச் சொல்வது புதிதில்லை. கட்சிக்காரர்கள் சிவப்பு சரியில்லை என்பார்கள், நகைக்கடைக்காரர்கள் தங்கம் பித்தளை மாதிரி இருக்கிறது என்பார்கள். ஆனால் டீச்சர் சொன்ன காரணம் இருபது வருஷத் தொழிலில் நான் கேட்டிராதது. நெஞ்சில் இருக்கிற சக்கரத்தின் பச்சை அடர்த்தியாக விழுந்திருக்கிறதாம், இதைப் பார்த்துப் பழகுகிறவர்கள் வைத்தியம் செய்யும்போது இதே அடர் பச்சையை மனதில் நினைத்து அனுப்புவார்களாம், அது நோயாளிக்கு ஆகாதாம். பச்சை என்றால் நடுவில் வெள்ளையாகவும் ஓரத்தில் மட்டும் தளிர் நிறமாகவும் இருக்க வேண்டுமாம். ப்ரூஃபில் ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டிருக்கலாம். அவர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர், நான் பெஞ்சு மேல் ஏறி நிற்கிற வயதுக்குப் போய்விட்டேன். அந்தப் பச்சையில் சையான் என்கிற நீல மை 60 சதவீதம், மஞ்சள் மை 80 என்று இருந்ததை 25க்கும் 35க்கும் இறக்கி, புதுசாகப் ப்ளேட் போட்டு, பாதிப் பேப்பர் காசை நானே ஏற்றுக்கொண்டு மறுபடி ஓட்டினேன்.

இதெல்லாம் அந்தப் பேப்பர் காசோடு முடிந்திருக்க வேண்டிய கதை. புதுப் படக் கட்டை எடுக்க டீச்சர் வந்த அன்று மாடியிலிருந்து அம்மா இறங்கி வந்தாள். உறையூரில் எங்களுக்கு அச்சகம் கீழே, வீடு மேலே. வலது கையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவள் படி இறங்குவதை டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை நாளா?" என்று கேட்டார். நாலு மாசம். கொண்டை போட முடியாது, ரவிக்கை மாட்டுவதற்குள் அழுதுவிடுவாள், பரண் மேல் இருக்கிற டப்பாவை எடுக்க என்னைக் கூப்பிடுவாள். தில்லைநகரில் எலும்பு டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார், சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இது நிறைய வரும் என்றார், மாத்திரை கொடுத்து, சுவரில் விரலால் எறும்பு மாதிரி ஏறி ஏறி இறங்கச் சொன்னார். தளர ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம் என்றும் சொன்னார். மொத்தம் ஆறு நிமிஷம். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டீச்சர் வியாழக்கிழமைதோறும் வந்தார். அவர் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்ததே இல்லை.

முதலில் ஒரு பேசினில் தண்ணீர், அதில் இரண்டு கைப்பிடி கல் உப்பு. அம்மா நாற்காலியில் உட்கார வேண்டும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்க வேண்டும், கை காலைப் பின்னிக்கொள்ளக் கூடாது. டீச்சர் தொடவே மாட்டார். தோளிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையை மெதுவாகக் கொண்டுபோவார், காற்றில் எதையோ தடவிப் பார்க்கிற மாதிரி. இதற்கு ஸ்கேனிங் என்று பெயர். எங்கே தேங்கியிருக்கிறது, எங்கே வற்றியிருக்கிறது என்று கைக்குத் தெரியுமாம். பிறகு மேலிருந்து கீழே கோதி, கோதியதை பேசின் பக்கம் உதறுவார். அதற்கு ஸ்வீப்பிங். அப்புறம் உள்ளங்கையைக் காட்டி சக்தி ஏற்றுவார். இதுவரைக்கும் பிராணிக் ஹீலிங். இந்த முறையை வகுத்துப் புத்தகமாகப் போட்டவர் பிலிப்பைன்ஸில் வாழ்ந்த சீன வம்சாவளிக்காரர் சோவா கோக் சூயி, 1987இல் முதல் புத்தகம் வந்தது. அடிப்படையில் அவர் கெமிக்கல் இன்ஜினியர். பாடப் புத்தகத்தைப் பார்த்தாலே தெரியும், சமையல் குறிப்பு மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும்.

நிறம் வருவது அதன் மேல்படிப்பில். வெளிர் பச்சை தளர்த்துவதற்கு, நீலம் வலியை அடக்க, சிவப்பு தெம்பூட்ட, ஆரஞ்சு பிடுங்கி வெளியேற்ற. ஆரஞ்சு முரட்டு நிறம், தலைப் பக்கம் கொண்டு போகவே கூடாது. முடிக்கும்போது வெளிர் நீலத்தால் ஒரு பூச்சுப் பூசி நிலைக்க வைக்க வேண்டும். எல்லாம் மனதால் நினைப்பதுதான், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டீச்சர் இதோடு நிற்கவில்லை. வேறு இடத்தில் தபால் வழியில் படித்த கலர் தெரபியையும் இதில் சேர்த்துக்கொண்டார். தோளில் ஒரு பச்சைத் துணி, மொட்டை மாடியில் வண்ண பாட்டில்களில் வெயில் காட்டிய தண்ணீர், மேஜை மேல் நான் அச்சடித்த சக்கரப் படம். கையால் செய்வதும் நிறத்தால் செய்வதும் சேர்ந்தால் இரட்டை மாட்டு வண்டி மாதிரி என்பார்.

அம்மாவுக்கு எல்லாம் பிடித்தது, ஒன்றைத் தவிர. வைத்தியம் முடிந்து பன்னிரண்டு மணி நேரமாவது குளிக்கக் கூடாதாம், இருபத்துநாலு மணி நேரம் ஆனால் இன்னும் நல்லதாம். அறுபத்தொரு வயது வரைக்கும் ஒரு நாள்கூடக் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையாதவளிடம், அதுவும் வெள்ளிக்கிழமை விடிந்தால் தலைக்குக் குளித்துச் சாமி அறைக்குப் போகிறவளிடம், வியாழக்கிழமை மதியம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? "நோயே இருந்துட்டுப் போகட்டும்டா" என்றாள்.

சரி, பலன் என்ன? முதல் வியாழக்கிழமை முடிந்த ராத்திரி அம்மா நன்றாகத் தூங்கினாள். மூன்று மாதத்தில் வலி பாதியானது. தை பிறக்கும்போது கொண்டையைத் தானே போட்டுக்கொண்டாள். வைகாசியில் பரண் டப்பா. தெருவில் யாரைப் பார்த்தாலும் டீச்சர் கையைப் பற்றித்தான் பேச்சு. டாக்டர் சொன்ன ஒரு வருஷக் கணக்கும் ஏறக்குறைய இதே வைகாசியில்தான் வந்து நிற்கிறது என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த தடவை சொல்லவில்லை.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. 2017இல் இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து முதல் நிலை முடித்தேன். இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே வைத்து மெல்ல விலக்கி நெருக்கினால் நடுவில் பஞ்சு மாதிரி ஏதோ தட்டுப்படும். முதல் தடவை அது தட்டுப்பட்டபோது உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த இரண்டு வருஷம் வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் நான் உப்புத் தண்ணீரோடு போய் நிற்பேன். மனைவி ஒருநாள் "முதல்ல ஒரு காபி போட்டுக் குடுங்க" என்றாள்.

என்னை உறுத்தியது நிறங்கள்தான். நிறம் என் சோறு. நாலு மையைக் கலந்து உலகத்தையே காட்டுகிறவனுக்குச் சில விஷயங்கள் கண்ணில் படாமல் போகாது. கலர் தெரபிப் பட்டியலில் மெஜந்தா என்று ஒன்று வருகிறது, இதயத்துக்கு நல்லதாம். மெஜந்தா என் கடையில் டப்பா டப்பாவாக இருக்கிறது. ஆனால் வானவில்லில் அது கிடையாது. மெஜந்தாவுக்கென்று தனி அலைநீளம் இல்லை, சிவப்பும் நீலமும் ஒன்றாக வந்து பச்சை இல்லாமல் போனால் நம் மூளை போட்டுக்கொள்கிற நிறம் அது. பிரபஞ்சத்திலிருந்து மெஜந்தாக் கதிரை இழுக்கிறேன் என்பவர், தன் மண்டைக்குள்ளிருந்துதான் இழுக்க வேண்டும். வானவில்லுக்கு ஏழு நிறம் என்பதே ஓர் ஏற்பாடுதான். நியூட்டன் முதலில் ஐந்து முக்கிய நிறம் என்றுதான் சொன்னார், அப்புறம் சங்கீதத்தின் ஏழு சுரத்தோடு பொருந்த வேண்டும் என்று ஆரஞ்சையும் அவுரி நீலத்தையும் சேர்த்துக்கொண்டார். ஐந்தோடு நிறுத்தியிருந்தால் இரண்டு சக்கரங்களுக்குக் கட்டிக்கொள்ளத் துணி இருந்திருக்காது.

அப்புறம் இன்னொன்று. "ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம முன்னோர் சொல்லி வெச்சது தம்பி, இந்தச் சக்கரமும் நிறமும்" என்று டீச்சர் அடிக்கடி சொல்வார். அச்சடித்தவன் என்ற முறையில் மூலத்தைத் தேடிப் பார்த்தேன். சக்கரங்கள் பழசுதான், அதில் சந்தேகமில்லை. ஆறு ஆதாரங்கள் என்று திருமந்திரத்திலேயே அவற்றைப் பற்றி இருக்கிறது. ஆனால் அந்த வானவில் வரிசை? வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் எழுதிய சமஸ்கிருத நூல்தான் உலகம் முழுக்கச் சக்கரப் பேச்சுக்கு அடித்தளம், கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப் 1919இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதில் தொப்புள் பக்கத்துச் சக்கரமான மணிபூரகத்தின் இதழ் மழைமேக நிறம், என் படத்திலோ மஞ்சள். நெஞ்சில் உள்ள அனாகதம் அதில் சிவப்பு, என் படத்தில் டீச்சர் சண்டை போட்ட அந்தப் பச்சை. புருவ மத்தி அதில் நிலா வெள்ளை, படத்தில் அவுரி நீலம். நம் சைவ சித்தாந்தத்தை எடுத்துக்கொண்டால் உண்மை விளக்கம் ஐம்பூதங்களுக்கு நிறம் சொல்கிறது, நிலம் பொன், நீர் வெண்மை, நெருப்பு சிவப்பு, காற்று கருப்பு, ஆகாயம் புகை. கருப்பும் புகையும் எந்த வானவில்லில் இருக்கிறது?

வானவில் வந்த வழி வேறு. அதில் ஒரு நிறுத்தம் நம் சென்னை. முன்னாள் பாதிரியாரான லெட்பீட்டர் சக்கரங்களைப் பற்றி எழுதிய நூலை 1927இல் அடையாறு தியாசபிகல் சொசைட்டியின், அதாவது பிரம்மஞான சபையின், பதிப்பகம் வண்ணப் படங்களோடு வெளியிட்டது. அந்தக் காலத்தில் வண்ணப் படம் அச்சிடுவது எவ்வளவு பாடு என்று தெரிந்தவன், அந்தப் படங்களைப் பார்த்தபோது தொழில் பாசத்தில் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் அவர் தான் கண்டதாகச் சொன்னதை எழுதினார், அடியிலிருந்து இரண்டாவது சக்கரமான சுவாதிஷ்டானத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மண்ணீரல் சக்கரம் என்று ஒன்றைச் செருகினார். சிவப்பிலிருந்து ஊதா வரை ஒழுங்காக அடுக்கிய வரிசை இதற்கும் பிறகு, 1970களில் கலிஃபோர்னியாவில்தான் ஊருக்குள் பரவியது, கிறிஸ்டஃபர் ஹில்ஸ் 1977இல் போட்ட புத்தகம் அதில் முக்கியமானது. ஆக நான் அச்சடித்த படத்துக்கு என்னைவிட வயது குறைவு. டீச்சரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "புதுசா இருந்தா வேலை செய்யாதா தம்பி? பாராசிட்டமால்கூடப் புதுசுதானே" என்றார். நான் அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

வேலை செய்கிற நிறமும் உண்டு. என் தம்பி மகள் 2013இல் பிறந்த மூன்றாம் நாள் மஞ்சளாகிவிட்டாள். பெரியவர்கள் காலை வெயிலில் காட்டு என்றார்கள், டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே நீல விளக்கின் கீழ் போட்டுவிட்டார். கண்ணை மறைத்துக் கட்டி, இடுப்பில் ஒரு துணி மட்டும் போட்டு, இரண்டு நாள் அவள் அந்த நீலத்தில் கிடந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு என்னடா இது மீன் தொட்டி மாதிரி என்று நினைத்தேன். அதன் கதை பின்னால்தான் தெரிந்தது. 1956இல் இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்து ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற நர்ஸ், குறைமாதக் குழந்தைகளை வெயிலில் காற்றாடக் கொண்டுபோய் வைப்பார். ஒரு குழந்தையின் உடம்பில் போர்வை மூடியிருந்த இடம் மட்டும் முக்கோணமாக மஞ்சளாகவும் மற்ற இடம் வெளுத்தும் இருப்பதைக் கவனித்து டாக்டரிடம் காட்டினார். 1958இல் அங்கிருந்தே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் 460 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளியை உறிஞ்சி வடிவம் மாறுகிறது, மாறினால் நீரில் கரையும், கல்லீரல் தயாராகாவிட்டாலும் பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடும். பச்சை விளக்கு போட்டவர்களும் உண்டு, சிவப்பு உதவாது. எந்த நிறம், எந்தப் பொருள், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் கணக்கு. ஆஸ்பத்திரியில் யாரும் சக்கரம் கிக்கரம் என்று பேசவில்லை, பில்லில் மட்டும் போட்டோதெரபி என்று இருந்தது.

இதை வைத்துக்கொண்டு டீச்சரின் பாட்டில்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வருத்தமும் வருகிறது. பச்சைக் கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர், மரப் பலகை மேல் காலை முதல் சாயங்காலம் வரை வெயில். பச்சைக் கண்ணாடி பச்சையை உள்ளே விடும், மிச்சத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். தம்ளரில் ஊற்றியபின் அந்தத் தண்ணீரில் பச்சை எங்கே தங்கியிருக்கிறது? ஆனால் வெயிலில் தண்ணீர் வைப்பது வீண் வேலை இல்லை. நிறமில்லாத சாதா பெட் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை ஊற்றி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தினால் புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து கிருமிகளைக் கொன்றுவிடும், மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். சோடிஸ் என்று இதற்குப் பெயர், குழாய்த் தண்ணீர் வராத எத்தனையோ நாட்டில் செய்கிறார்கள். அதற்கு முதல் நிபந்தனையே பாட்டிலில் நிறம் இருக்கக் கூடாது என்பது.

இப்போது கசப்பான பகுதி. 2019இல் வெளியூரிலிருந்து வந்த ஒரு மையத்துக்காரர்கள் மண்டபம் பிடித்து இலவச முகாம் நடத்தினார்கள், எனர்ஜி ஹீலிங்கும் நிற ஒளியும் சேர்ந்த சிகிச்சை என்று பேனர். நல்லவேளை நான் அடித்த பேனர் இல்லை. டீச்சருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, பக்கத்து வீட்டு அக்காவோடு அம்மா போய்விட்டு வந்தாள். வரும்போது கையில் ஒரு விளக்கு, முன்னால் மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ள வண்ணத் தகடுகள், விலை 9,500 ரூபாய். அதைவிட மோசம், மஞ்சள் ஒளி கணையத்தைத் தூண்டும், மஞ்சள் பாட்டில் தண்ணீரும் குடித்து வந்தால் சர்க்கரை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகவெல்லாம் விடவில்லை, ஒரேயடியாக விட்டுவிட்டாள், எங்களுக்குச் சொல்லவும் இல்லை. மூன்று வாரம் கழித்து ராத்திரி ஐந்து தடவை எழுந்து போகிறாளே, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாளே என்று மனைவிதான் கண்டுபிடித்தாள். வெறும் வயிற்றில் 290. அம்மாவைத் திட்டியது நானல்ல, டீச்சர். வியாழக்கிழமை வந்தவர் பேசினைக் கீழே வைத்துவிட்டு, "நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், மாத்திரை மேல கை வைக்காதீங்கன்னு. எங்க புத்தகத்துல முதல் பக்கத்துல இருக்கு" என்று வகுப்பில் கத்துகிற மாதிரி கத்தினார். அம்மா அழுதாள். அன்றைக்கு வைத்தியம் நடக்கவில்லை.

அந்த மையத்துக்கு போன் போட்டேன். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியது உங்கள் தவறு என்றார்கள். விளக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அது அச்சகத்தில், ஷீட்டில் தூசி இருக்கிறதா என்று பார்க்க உதவுகிறது, வெள்ளை வெளிச்சத்தில்.

இந்த விளக்குக்கும் ஒரு பாட்டன் உண்டு. தின்ஷா கதியாலி, 1873இல் பம்பாயில் பிறந்த பார்சி, தியாசபிக்காரர். 1897இல் அஜ்மீரில் ஒரு நண்பர் வீட்டுப் பெண் வயிற்றுப்போக்கில் சாகக் கிடந்தபோது, அவுரி நீல ஊறுகாய் பாட்டில் வழியாக மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பிழைக்க வைத்ததாகச் சொல்லிக்கொண்டார். பிறகு அமெரிக்கா போய் 1920இல் ஸ்பெக்ட்ரோ குரோம் என்று பன்னிரண்டு நிறச் சிகிச்சையைத் தொடங்கினார், மெஜந்தா அதில்தான் வருகிறது. பெட்டி, பல்பு, வண்ணக் கண்ணாடிகள், வீட்டுக்கு வீடு. 1947இல் நியூஜெர்சியில் கேம்டன் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது. அவருக்கு முன்னால் பிலடெல்ஃபியாவில் பிளெசன்டன் என்ற ஒரு ராணுவக்காரர், நீலக் கண்ணாடியின் மகிமையைப் பற்றி 1876இல் ஒரு புத்தகம் போட்டார், நீலத் தாளில் நீல மையில் அச்சடித்து. வாசிக்கிறவர் கண்ணுக்கு நல்லதாம். நீலத் தாளில் நீல மை! அந்த அச்சுக்காரர் என்ன பாடுபட்டாரோ. நம் நாட்டில் 1954லேயே சட்டம் இருக்கிறது, மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணிகள் சட்டம், 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். சர்க்கரை அதில் உண்டு. அன்றிலிருந்து யார் நோட்டீஸ் அடிக்க வந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் ப்ளேட் போடுகிறேன். இரண்டு ஆர்டர் போய்விட்டது.

இத்தனைக்கும் பிறகு கை என்று ஒன்று பாக்கி இருந்தது. அந்தப் பஞ்சு மாதிரித் தட்டுப்படுவது. அதை எப்படிப் பொய் என்பது, என் கையிலேயே தெரிகிறதே?

2022 கோடை விடுமுறையில் தம்பி மகள் வந்திருந்தாள், அந்த மீன் தொட்டிப் பெண்தான், ஒன்பது வயது. அவளுக்கு ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவில் எமிலி ரோசா என்று ஒரு பெண், உன் வயசுதான், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இப்படிக் கையால் சக்தியை உணர்கிறவர்களைச் சோதித்தாள். நடுவில் அட்டை மறைப்பு, கீழே இரண்டு ஓட்டை, அவர்கள் இரண்டு கையையும் நீட்ட வேண்டும், இவள் காசைச் சுண்டிப் போட்டு ஏதாவது ஒரு கைமேல் தன் கையைக் கொண்டுபோவாள், எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 21 பேர், 280 தடவை, சரியாகச் சொன்னது 123. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே 140 வர வேண்டும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது கட்டுரையாகவே வந்துவிட்டது. கதை முடிவதற்குள் இவள் என் பேப்பர் அட்டைப் பெட்டியில் கத்தரிக்கோலை விட்டுவிட்டாள்.

நான் 20க்கு 9. ஒவ்வொரு தடவையும் நிச்சயமாகத் தெரிந்தது, அதுதான் வேடிக்கை. இடது கை குறுகுறுக்கும், இடது என்பேன், அவள் வலது பக்கம் கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். டீச்சர் வந்ததும் அவரையும் உட்கார வைத்தாள். ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன், புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 20க்கு 12. "பெரியப்பா ஃபெயில், டீச்சர் பாஸ்" என்று மார்க் போட்டாள். இருபது தடவையில் பன்னிரண்டு வருவதற்குச் சக்தி தேவையில்லை, காசைச் சுண்டினாலே வரும் என்று அவளுக்கு விளக்கப்போனேன், கேட்கிற மாதிரி இல்லை. டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் நோயைத்தான் தேடிப் பழகியிருக்கேன் தம்பி, குழந்தை கைய இல்ல" என்றார். அப்புறம் அவரே, "ஆனா எனக்குமே சில தடவை சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு அவசியமே இல்லை.

என் பாட்டி சாயங்கால வேளையில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி சுற்றுவாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் ரத்தச் சிவப்பாகும், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும், ஆனால் ஆறு வயதில் அதைப் பார்க்கும்போது என் கெட்டதெல்லாம் அந்தத் தட்டில் இறங்கிவிட்டதென்றே நம்பினேன். காய்ச்சல் அடித்தால் தர்கா வாசலில் தூக்கிக்கொண்டுபோய் நிறுத்துவாள், மயிலிறகால் தடவி ஓதி ஊதிவிடுவார்கள். பச்சைப் போர்வை, மயிலிறகின் நீலம், தலைமேல் ஒரு கை. கையும் நிறமும் சேர்ந்த வைத்தியம் எங்களுக்கு டீச்சர் வருவதற்கு முன்னாலேயே பழக்கம். யாரும் அதை அறிவியல் என்று சொன்னதில்லை, 9,500 ரூபாய் கேட்டதும் இல்லை. பாட்டி அதோடு அனாசினும் கொடுப்பாள்.

2008இல் அமெரிக்காவில் குடல் எரிச்சல் நோய்க்காரர்கள் 262 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு ஒன்றும் செய்யவில்லை, காத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குப் பொய் அக்குபங்சர், உண்மையில் குத்தாத ஊசி, பேச்சில்லாமல். மூன்றாவது குழுவுக்கு அதே பொய் ஊசி, கூடவே ஊசி போடுகிறவர் உட்கார்ந்து, கேட்டு, இதமாகப் பேசி. போதுமான நிவாரணம் கிடைத்தது என்றவர்கள் முதல் குழுவில் 28 சதவீதம், இரண்டாவதில் 44, மூன்றாவதில் 62. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மாடி அறைதான் நினைவுக்கு வந்தது. டீச்சர் ஸ்கேன் பண்ணுவதற்கு முன்னால் பத்து நிமிஷம், முடித்தபின் கால் மணி நேரம், அம்மா பேசிக்கொண்டே இருப்பாள். அப்பா போனபின் ராத்திரி வீட்டில் எந்தப் பக்கம் படுப்பது என்றே தெரியாமல் இருந்ததை நான் கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்டேன். என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. தோள் இறுகியது அப்பா போன ஐந்தாவது மாதம்.

அதற்காகத் தோள் அதனால்தான் இறுகியது என்று நான் சொல்லவரவில்லை, அது சர்க்கரையின் வேலை. ஆனால் வலி தோளில் மட்டும் இருந்த மாதிரியும் தெரியவில்லை.

நான் இப்போது யாருக்கும் கை காட்டுவதில்லை, உப்புப் பொட்டலத்தைச் சமையலறைக்கே கொடுத்துவிட்டேன். டீச்சர் படம் மறுபதிப்புக்கு வந்தார், போன வருஷம். பச்சை 25க்கு 35 என்பது ஃபைலிலேயே இருக்கிறது. அடியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதிக்கொண்டு வந்திருந்தார், டாக்டர் தந்த மருந்தை நிறுத்தக் கூடாது என்று. எட்டு பாயின்டில் போடவா என்றேன். பதினாறு என்றார். சிவப்பிலா? "கருப்புல போடுங்க, படிக்கத் தெரியணும்."

போன மாதம் அம்மாவுக்கு இடது தோள் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் வந்தால் சிலருக்கு மறுபக்கமும் வரும் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். தில்லைநகர் போனோம், மாத்திரை, சுவரில் எறும்பு, இந்தத் தடவை எட்டு நிமிஷம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆட்டோவிலேயே "டீச்சருக்கு ஒரு போன் போடேன்டா" என்றாள். போட்டேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை விடிகாலை நாலு மணிக்குக் குளியலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா வெந்நீர் போட்டுத் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள், ஒற்றைக் கையால், வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து.